எருமை மேல் பெய்த மழை

வீட்டுக்குள் நுழைந்ததுமே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, எதுவோ கெட்டிருக்கிறது என்று. காலை ஏழே முக்கால். இந்நேரம் அம்மாவின் பாட்டு சாப்பாட்டு அறையிலிருந்து வாசல்வரை கேட்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சின்ன மாப்பிள்ளையின் விசில் கேட்டது. அந்த ஆள் விசிலடித்தால் எதையாவது பிரித்துப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

போன வாரம் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு நாலு வரி. அம்மா பாட்டு டீச்சர், இசைப்பள்ளியில் முப்பத்தொரு வருஷம். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் போனது. கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆனால் வகுப்புக்கு வராதவர்களுக்காக அம்மா வருஷக்கணக்கில் பாடிப் பதிவு செய்த ஆயிரத்துச் சொச்சம் பாடங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அவற்றை ஓடவிட்டு, நிறுத்தி, திருத்தித்தான் இப்போது வகுப்பு நடக்கிறது. 'குரல் இல்லாதவர் எப்படிப் பாட்டு சொல்லித் தருவார்?' என்று பள்ளி கேட்டது. 'வந்து பாருங்கள்' என்று அம்மா எழுதிப் போட்டார். இன்று சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு மேற்பார்வையாளர் வருகிறார். அவர் தலையாட்டினால் வேலை இருக்கும். உதட்டைப் பிதுக்கினால் இருக்காது.

அவ்வளவுதான் கதை. இனி சங்கதிக்கு வருவோம்.

பெரியவளுக்கு நீரேற்று நிலையத்தில் இராப்பணி. ஊரில் பாதிக் குழாய்களில் தண்ணீர் வருவது அவள் காவல் காக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரின் புண்ணியத்தில். அது ஆறு வருஷமாக அணைந்ததில்லை. அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் புதுசு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கோணும். தங்கை புருஷனுக்கோ டிவி, போன் விற்கும் கடையில் வேலை. 'புதுசு வந்திருக்கு' என்று ஆரம்பிக்காமல் அவனுக்கு ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. பெரியவள் மனசுக்குள் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஷோரூம்'. வாய்விட்டுக் கூப்பிடும்போது மாப்பிள்ளை என்பாள். அந்த மரியாதையில் இருக்கும் நக்கல் அவனுக்குப் புரியாது என்பது அவள் எண்ணம். அவனுக்கு நன்றாகவே புரியும்.

சாப்பாட்டு அறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியில்தான் அந்தப் பாட்டுப் பெட்டி. எங்கோ ஒரு ஆபீஸில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். அம்மா அதற்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கடியில் காலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோரூம் ஒரு கையில் டீக்கோப்பை, ஒரு கையில் போனுடன் நின்றான்.

"வாங்க அக்கா. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். பாருங்க, புதுசு போட்டாச்சு!"

"என்ன புதுசு?"

"சிஸ்டம்தான். நீங்க போட்டு வெச்சிருந்தது எட்டாவது வெர்ஷன். அதுக்கு வயசு என்ன தெரியுமா? இப்ப பன்னெண்டு வந்தாச்சு. வந்தே மூணு நாள்தான் ஆகுது. பழைய சிஸ்டம் டிஸ்கைத் தூக்கிட்டு, கடையில இருந்து புது டிஸ்க் கொண்டாந்து போட்டேன். இந்தப் பட்டனைத் தொட்டா அடுத்த செகண்டு பாட்டு."

போனைத் தொட்டான். அம்மாவின் குரல், பதினைந்து வருஷத்துக்கு முந்திய குரல், கணீரென்று கிளம்பியது. அம்மா காலால் மிதித்தார். பாட்டு நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனது.

பெரியவள் குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். சாம்பல் நிற இரும்பு மிதிபலகை. அதன் வயர் கழற்றப்பட்டு, அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைக்கப்பட்டிருந்தது.

"இதை யார் கழட்டினது?"

"நான்தான். தையல் மெஷின் பெடல்தானே?"

"இந்த வீட்டுல தையல் மெஷின் எங்க இருக்கு?"

"இல்ல. அதனாலதானே அக்கா கழட்டி வெச்சேன்!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை தெரியும். ஊதியது எது என்றே தெரியாமல் ஊதியவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று பெரியவள் நினைத்தாள். வயரைச் செருகினாள். அம்மா மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

மூடிப்போன ஒரு டைப்பிங் ஆபீஸிலிருந்து வந்தது அந்த மிதிபலகை. பேச்சைக் கேட்டு டைப் அடிப்பவர்களுக்காகச் செய்தது. நுனிக்காலால் அழுத்தினால் பாட்டு நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். குதிகாலால் அழுத்தினால் நாலு செகண்டு பின்னால் போகும். அம்மாவுக்கு அது போதும். கை இரண்டும் சும்மா இருக்கும், சுருதி ஏறுவதையும் இறங்குவதையும் காட்ட. கண் மாணவரின் கழுத்தில் இருக்கும். மூச்சு எங்கே உடைகிறதோ அங்கே கால் அழுத்தும். எட்டு மாதமாக அம்மாவின் நாக்கு அந்தக் காலில்தான் இருக்கிறது.

போனில் இதைச் செய்ய முடியாதா? ஷோரூம் அதையும் செய்து காட்டச் சொன்னான். அம்மா செய்து பார்த்தார். கண்ணாடியைத் தேடி, போட்டு, பட்டனைத் தேடி, தொட்டு முடிப்பதற்குள் பாட்டு இரண்டு வரி ஓடிவிட்டது. அம்மா போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தார்.

பிறகு மேசையை இரண்டு முறை தட்டினார்.

அம்மாவின் பேச்சு இப்போது அதுதான். ஒரு தட்டு ஆமாம். இரண்டு தட்டு இல்லை. மூன்று தட்டு வாயை மூடு. இந்த வீட்டில் மூன்றாவதுதான் அதிகம் செலவாகிறது.

சின்னவள் பல் டாக்டர் கிளினிக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அக்கா, நாலு மணிக்குள்ள சரியாயிடும்ல?"

"உன் வீட்டுக்காரர் எதையும் தொடாம இருந்தா ஆயிடும்."

"ஆரம்பிச்சுட்டீங்களா! ரெண்டு பேரும் சேர்ந்து அம்மா வேலையைக் காலி பண்ணிட்டு உட்காராதீங்க, சொல்லிட்டேன்." கதவு சாத்தப்பட்டது.

பெரியவளுக்குச் சட்டென்று வேறு கேள்வி வந்தது. "பாட்டெல்லாம்?"

"பாட்டு இருக்கிற டிஸ்க் தனியாத்தானே இருக்கு? அதைத் தொடுவேனா? நான் என்ன முட்டாளா?"

கடைசிக் கேள்விக்குப் பெரியவள் பதில் சொல்லவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பாட்டு இருக்கிறது. சிஸ்டத்தைத்தானே மாற்ற வேண்டும். எட்டாவது வெர்ஷன் அவள் பையில் ஒரு பென்டிரைவில் எப்போதும் இருக்கும், சிலர் தலைவலி மாத்திரை வைத்திருப்பதுபோல.

"என்னக்கா, மறுபடி அந்தக் கிழட்டு எட்டா?"

"அதுக்குப் பேர் எருமை."

"அதையேதான் நானும் சொல்றேன்."

"நீங்க திட்டுறீங்க மாப்பிள்ளை. நான் பாராட்டுறேன். எருமை மாட்டு மேல மழை பேஞ்ச மாதிரின்னு சொல்லுவாங்கல்ல? ஒரு சிஸ்டம் அப்படித்தான் இருக்கணும். மேல என்ன பேஞ்சாலும் அசையக் கூடாது. உங்க பன்னெண்டு இருக்கே, அது வாரா வாரம் உடம்பு சரியில்லன்னு மருந்து கேட்கும்."

"அதுக்குப் பேர் அப்டேட். பாதுகாப்பு வேணாமா? எட்டுக்கு இப்ப யாரும் ரிப்பேர்கூடப் பண்ணித் தர்றதில்ல. எவனாவது உள்ள பூந்துட்டா?"

"பூந்து எதை எடுப்பான், அம்மாவோட மூச்சுப் பயிற்சியையா? எடுத்துட்டுப் போய்ப் பாடட்டும், நல்லா இருப்பான். நான்தான் இன்டர்நெட் வயரையே பிடுங்கி வெச்சிருந்தேனே. மறுபடி செருகினது யாரு?"

"செருகலன்னா எப்படி அப்டேட் ஆகும்?"

அம்மா மூன்று தட்டினார்.

முன் அறையிலிருந்த டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்குத் திரையாக மாட்டினார்கள். பெரியவள் பென்டிரைவைச் செருகினாள். இராப்பணி முடிந்த கண் எரிந்தது. எருமை எழுந்தது, மெதுவாகச் சுற்றுமுற்றும் பார்த்தது, பிறகு வெள்ளை எழுத்தில் ஒன்றைச் சொன்னது: டிஸ்க் எதுவும் காணவில்லை.

மறுபடி செய்தாள். மறுபடி அதே பதில்.

ஷோரூமுக்கு அடக்க முடியவில்லை. "அது புது மாடல் டிஸ்க் அக்கா. ஒன்பதாவது வெர்ஷன்ல இருந்துதான் இதைத் தெரியும். உங்க எருமை பொறந்தப்ப இது பொறக்கவே இல்ல."

"அப்ப பழைய டிஸ்கை எடுங்க."

"இல்லையே."

"இல்லையேன்னா?"

"பழசைக் குடுத்துத்தான் புதுசு வாங்கினேன். எக்ஸ்சேஞ்ச். இப்ப கடை குடோன்ல சாக்குல இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வந்து எல்லாத்தையும் நொறுக்க எடுத்துட்டுப் போயிடும். வேணும்னா மேனேஜரைக் கேட்டு..."

பெரியவளுக்கு அவனிடம் ஒரு உதவி கேட்பதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மேல். "வேணாம். யார்கிட்டயும் போய்ப் பல்லைக் காட்ட வேணாம். அதுல சிஸ்டத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. அதுல எதையும் வைக்காதேன்னு அம்மாகிட்டயும் கண்டிஷனா சொல்லியிருக்கேன். குப்பை போகட்டும்."

அம்மா அப்போது அடுப்படியில் இருந்தார். இந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்குப் பெடல் தெரியாது. எட்டுக்கு டிஸ்க் தெரியாது. இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டுலயே பெடலை ஓட வைக்க வழி இருக்கான்னு தேடுறேன்" என்று ஷோரூம் போனைக் கையில் எடுத்தான். அரை மணி நேரத்தில் பதினாலு பேர் பதினாலு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஒன்பதைச் செய்து பார்த்தான். ஐந்தாவது வைத்தியத்தில் கீபோர்டு செத்தது. ஏழாவதில் உயிர்த்தது.

குரங்கு கையில் பூமாலை என்று பெரியவள் முணுமுணுத்தாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது மோட்டார் வந்தாலும் சரி, புது மென்பொருள் வந்தாலும் சரி, அதில் என்ன புதுசு என்று யாரும் படிக்க மாட்டார்கள். எதை எடுத்துவிட்டார்கள் என்ற பட்டியலை மட்டும் படிப்பார்கள். ஆளைக் கொல்வது எப்போதும் எடுத்ததுதான், சேர்த்தது இல்லை.

"மாப்பிள்ளை, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் குறிப்பு போடுவாங்கல்ல, அதை எடுங்க."

"இருக்கே! புது வசதிகள்னு பெரிய லிஸ்ட். முதல்ல பாருங்க, ஐகானெல்லாம் வட்டமா..."

"அது வேணாம். கடைசிப் பக்கம். 'நீக்கப்பட்டவை'ன்னு சின்ன எழுத்துல இருக்கும்."

"அதை யாரு படிப்பா?"

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தி. இன்னைக்கு நீங்களும்."

அவன் உரக்கப் படித்தான். அவள் பழைய காலண்டர் தாளின் பின்புறம் குறித்தாள். ஒன்பதில் நீக்கியவற்றில் பெடல் இல்லை. பத்தில் இல்லை. பதினொன்றில் மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒரு வரி: பழைய வகைக் கால்மிதிக் கருவிகளுக்கான ஆதரவு நிறுத்தப்படுகிறது.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"அப்ப ஒன்பது, இல்லன்னா பத்து" என்றான்.

"ஒன்பதுக்கு எத்தனை நாள் ரிப்பேர் பண்ணித் தருவாங்க?"

அவன் தேடினான். "அது போன வருஷமே முடிஞ்சுது. பத்துக்குத்தான் நீண்ட நாள் கேரன்ட்டி. இன்னும் அஞ்சு வருஷம். புதுசா ஒண்ணும் சேர்க்க மாட்டாங்க, கெட்டதை மட்டும் சரி பண்ணுவாங்க." சொல்லும்போதே அவன் முகம் வாடியது. "ரொம்ப போர் அக்கா அது. கடையில யாராவது கேட்டா நாங்க காட்டவே மாட்டோம்."

பெரியவள் முகத்தில் காலையிலிருந்து முதல்முறையாக ஒரு வெளிச்சம். "எருமைக்குத் தங்கச்சி இருக்கான்னு எனக்குத் தெரியாம போச்சே. எடுங்க."

இறக்குவதிலும் ஏற்றுவதிலும் அவன் கை வேகம்தான், அதை அவளே ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மனசுக்குள் மட்டும் ஒத்துக்கொண்டாள். இரண்டே முக்காலுக்குப் பத்து ஏறி முடிந்தது. அவள் முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். அம்மா வந்து உட்கார்ந்து காலை வைத்தார். திரையின் மூலையில் சின்னதாக ஒரு எழுத்து மின்னியது. கால்மிதி இணைக்கப்பட்டது.

அம்மா மேசையை ஒருமுறை தட்டினார். பிறகு எழுதிக் காட்ட வைத்திருக்கும் கையேட்டை இழுத்து எழுதினார். நன்றி என்று எழுதப்போகிறார் என்று பெரியவள் நினைத்தாள்.

'பெட்டி மேல் நீ ஒட்டிய சீட்டு என்ன?'

பெட்டியின் பக்கத்தில் மஞ்சள் சீட்டு இன்னும் இருந்தது. கொட்டை எழுத்தில்: தொடாதே.

"நான்தான் தெளிவா எழுதியிருந்தேனே. படிச்சுட்டும் தொட்டா நான் என்ன பண்றது?"

அம்மா எழுதினார். 'ஏன் என்று எழுதினாயா? மாற்றினால் பெடல் ஓடாது என்று மூன்று வார்த்தை. எழுதியிருந்தால் இவர் தொட்டிருக்க மாட்டார்.'

ஷோரூம் கோப்பையைக் கழுவப் போவதுபோல எழுந்து போய்விட்டான்.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. நிலையத்தில் வால்வு ஒன்றை மூடினால் அதில் ஒரு அட்டை தொங்கவிட வேண்டும். என்ன, ஏன், யார், எந்தத் தேதி. காரணம் எழுதாத அட்டை அட்டையே இல்லை என்று போன மாதம் சக ஊழியர் ஒருவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்தவள் அவள். வீட்டில் அந்த மூன்று வார்த்தையை ஏன் எழுதவில்லை? மறதி இல்லை. இந்த ஆளுக்கெல்லாம் காரணம் சொல்லணுமா என்ற இளக்காரம். அது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது, தெரிந்தது பிடிக்கவும் இல்லை.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ்காரம்மா வந்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர், அம்மாவிடம் மூன்று வருஷமாகப் படிக்கிறார். சீருடையோடு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மேற்பார்வையாளர். கையில் தோல் பை, முகத்தில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட அலுப்பு. பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார், எது எது என்று கேட்காததுதான் பாக்கி.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்? எனக்கு அஞ்சரைக்கு இன்னொரு இடம் போகணும்."

அம்மா மிதித்தார். பாட்டு ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. டிவியின் முதுகிலிருந்து, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசுமாதிரி வந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்பது இதுதான். பெரியவள் திரையில் எதையோ தேடி எதையோ அழுத்தினாள். இருந்த சத்தமும் போனது.

மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷோரூம் எழுந்தான். டிவிக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். சத்தம் ஸ்பீக்கருக்குத் திரும்பி, அறை நிறைந்தது. திரை போனது, போகட்டும். பாடங்களின் பட்டியல் ப்ளூடூத்தில் அம்மாவின் போனிலேயே தெரியும். டிவியைத் தினமும் பத்துத் தடவை மாட்டிக் கழற்றுபவனுக்கு அது தெரிந்திருந்தது. பெரியவளுக்குத் தெரியவில்லை. தெரியாதவளை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

வகுப்பு நடந்தது. பெட்டி ஒரு வரி பாடும், அம்மாவின் கால் நிறுத்தும், பஸ்காரம்மா பாடுவார். தப்பினால் குதிகால். அதே வரி மறுபடி. கை காற்றில் ஏறி இறங்கிச் சுருதியைக் காட்டும். இருபது நிமிஷம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது.

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. பாடுறது பெட்டி. நிறுத்துறது பெடல். இந்தப் பெட்டியை மட்டும் பள்ளிக்கூடத்துல வாங்கி வெச்சா, ஆள் எதுக்கு?"

பெரியவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்தாள். மூன்று தட்டு விழுந்தது.

அம்மா போனை எடுத்து, ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்தார். நீளமான பாட்டு. ஏழாவது நிமிஷத்தில் கால் அழுத்தியது. பஸ்காரம்மா பாடவில்லையே, ஏன் நிறுத்தினார் என்று எல்லாரும் பார்த்தார்கள். அம்மா கையேட்டில் எழுதி மேற்பார்வையாளர் முன் தள்ளினார்.

'இந்த இடத்தில் பாடியவள் செய்தது தப்பு. மூச்சை முன்னாடியே எடுத்துவிட்டாள். பாடியவள் நான். பெட்டி இதைப் பதினைந்து வருஷமாக இப்படியே பாடுகிறது.'

அம்மா போனில் பட்டியலைத் தள்ளினார். கடைசிவரை போனார், திரும்ப மேலே வந்தார், மறுபடி கடைசிவரை போனார். எதையோ தேடினார். பதற்றத்தில் விரல் தடுமாறுகிறது என்று பெரியவள் நினைத்தாள்.

பிறகு அம்மா போனை வைத்துவிட்டு எழுந்தார். பஸ்காரம்மாவின் பின்னால் போய், ஒரு கையை அவர் விலாவில் வைத்தார், இன்னொரு கையைக் காற்றில் உயர்த்தினார். பாடச் சொல்லித் தலையசைத்தார். அந்த இடம் வந்ததும் விலாவில் இருந்த கை அழுத்தியது: இப்போது வேண்டாம். இன்னும் வேண்டாம். உயர்ந்த கை இறங்கியது: இப்போது. பஸ்காரம்மா மூச்சை எடுத்தார். வரி உடையாமல் முழுசாக, பெட்டி பாடியதைவிட அழகாக வெளியே வந்தது. பாடியவருக்கே ஆச்சரியம், வாயைப் பொத்திக்கொண்டார்.

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார்.

"இந்த வருஷம் நீங்களே நடத்துங்க டீச்சர். திங்கக்கிழமை கடிதம் வந்துடும்."

அவரையும் பஸ்காரம்மாவையும் வாசல்வரை அனுப்பிவிட்டுப் பெரியவள் திரும்பும்போது மணி ஐந்து பத்து. மனசு குளிர்ந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். எத்தனை வார்த்தை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா சந்தோஷமாக இல்லை. கையேட்டை நீட்டினார்.

'அந்தப் பாட்டைத் தப்பில்லாமல் திரும்பப் பாடி வைத்திருந்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். பட்டியலில் காணோம்.'

"எங்கம்மா வெச்ச?"

'பெட்டி கேட்ட இடத்தில் வைத்தேன். முதலில் வரும் இடம்.'

முதலில் வரும் இடம் சிஸ்டம் டிஸ்க். பெரியவள் கையேட்டை மேசையில் வைத்தாள். "அங்க மட்டும் வைக்காதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா!"

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏன் வைக்கக் கூடாது என்று அம்மாவிடமும் அவள் சொன்னதில்லை.

ஷோரூம் அதற்குள் கடைக்குப் போன் போட்டிருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "சனிக்கிழமை கூட்டம், எவனும் எடுக்க மாட்டான். லாரி ஆறு மணிக்கு. நேர்லயே போயிடலாம், கிளம்புங்க." சாவியை எடுத்தவன் நின்றான். "அக்கா, சாக்குல ஒரே மாதிரி இருநூறு முந்நூறு டிஸ்க் கிடக்கும். நம்மளுதை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"அது மேலயும் சீட்டு ஒட்டியிருக்கேன். மஞ்சள் சீட்டு."

"என்னன்னு எழுதியிருக்கும்?"

அவள் அவன் கைச் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தொடாதேன்னு."

அவன் முகம் வெளுத்தது. "அதை நான் கிழிச்சுப் போட்டுட்டேனே அக்கா. எழுத்து இருந்தா எக்ஸ்சேஞ்சுல எடுக்க மாட்டாங்க."

"கிழிச்சீங்களா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"ஏங்க, காலையிலயே மேனேஜரைக் கேட்கிறேன்னேன், நீங்கதானே குப்பை போகட்டும்னு..."

"கழட்டினதே நீங்க..."

"சொல்லித் தொலைச்சிருந்தா..."

மேசையில் மூன்று தட்டு விழுந்தது. காலையிலிருந்து விழுந்தவற்றைப்போல இல்லை. கையேடு குதித்துக் கீழே விழுந்தது. அம்மாவின் கண் நிறைந்திருந்தது. அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார், வாசலைக் காட்டினார்.

இருவரும் வாயை மூடினார்கள். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் வண்டியில் ஒருமுறைகூட ஏறாத பெரியவள், பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மணி ஐந்து இருபத்தைந்து. மீதி அடுத்த வாரம்.